எல்லாக் கிளைக்கும் ஒரே திரை: எங்கள் பொதுத் தரவுச் சேவை, ஓராண்டுக்குப் பின்

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தின் பரீட்சைக் கிளையில் 17 வருடமாக வேலை செய்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். நாளைக் காலையும் வெள்ளவத்தையில் பஸ் ஏறி அங்கேதான் போக வேண்டும்.

முன்பு விடுதிக்கு ஓர் எக்செல், நிதிக் கிளைக்கு இன்னொன்று, நூலகத்துக்குத் தனி மென்பொருள். ஒரு மாணவி வீடு மாறினால் நான்கு மேசைகளுக்கு அலைய வேண்டும். இப்போது எல்லாம் ஒரே இடத்தில். அவரவருக்கு அனுமதித்த பகுதி மட்டும் திறக்கும்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே ஆளின் இரட்டைப் பதிவுகளைப் பிடிக்கும் வசதி. தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முறை 2016 இல் மாறியது. பழையதில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். பட்டப்பின் படிப்புக்கு வருபவர்களில் பலர் பழைய அட்டையோடு பதிந்து, அது தொலைந்ததும் புதிய அட்டையோடு கட்டணம் செலுத்துவார்கள். நிதிக் கிளையில் அவர் வேறு ஆள், எங்களிடம் வேறு ஆள். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் நுழைத்து, எழுத்தை எடுத்துவிட்டால் புதியது வந்துவிடும். இதை நான் விரல் விட்டு எண்ணிச் செய்த காலம் உண்டு. இப்போது திரையே கேட்கிறது: இருவரும் ஒருவரா?

அந்த இலக்கத்தில் பிறந்த வருடமும் நாளும் இருக்கின்றன. பெண்ணென்றால் நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். அதாவது, இலக்கத்தைப் பார்த்தவருக்கு வயதும் பாலும் தெரிந்துவிடும். தொடக்கத்தில் நூலகத்தின் இரவல் பட்டியலிலும் அது முழுதாகத் தெரிந்தது. புத்தகம் கொடுக்க வயது எதற்கு? ஒரு நோக்கத்துக்காக வாங்கிய தரவை அதற்கு ஒவ்வாத வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது என்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இரண்டு கடிதம் எழுதிய பிறகு மறைத்தார்கள். இப்போது மாணவர் பதிவிலக்கம் மட்டுமே தெரிகிறது.

ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்தில் 'பொறுப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பரீட்சைப் புள்ளிகளுக்கு நாங்கள், கட்டணத்துக்கு நிதிக் கிளை. தொலைபேசி இலக்கத்துக்கு யார் என்று மூன்று கூட்டம் நடந்தது. விடுதி தன்னுடையது என்றது, மாணவர் நலப் பிரிவு தன்னுடையது என்றது. பிழையான இலக்கத்துக்கு அழைத்து, யாரோ ஒரு மீன் வியாபாரியிடம் மீள்பரீட்சைத் திகதியை நான் சொன்ன கதையை எடுத்துவிட்ட பிறகுதான் முடிவானது: மாணவரே மாற்றட்டும், மாறியதும் எல்லாக் கிளைக்கும் அறிவிப்புப் போகட்டும். இவ்வளவு எளிதான விடைக்கு எத்தனை தேநீர்!

குறைகள்? புதிய அனுமதி கேட்டால் ஒரு வாரம் போகும். பரீட்சைக் காலத்தில் ஒரு வாரம் என்பது என்னவென்று கணினிப் பிரிவுக்குத் தெரியாது.

இன்னொன்று, என்னை உண்மையில் எரிச்சலூட்டுவது. பெயர்க் கட்டத்தின் நீளத்தை ஆங்கில எழுத்தை வைத்து அளந்திருக்கிறார்கள். கணினியில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் (சேமிக்கும் இடத்தின் அலகு) போதும். தமிழில் எழுத்துக்கு மூன்று, மேலே வைக்கும் புள்ளிக்கும் மூன்று. நீண்ட பெயரென்றால் வால் அறுந்துவிடும். போன மாதம் சான்றிதழ் வரைவில் ஒரு பிள்ளையின் தகப்பன் பெயர் 'யோகேஸ்வரன' என்று முடிந்தது. கடைசிப் புள்ளியைப் பேனாவால் வைத்துவிட்டு, "தம்பி, இதை அச்சுக்கு அனுப்பாதீர்" என்று பக்கத்து மேசைக்குச் சொன்னேன்.

முறைப்பாடு பதிந்திருக்கிறேன். 'பரிசீலனையில்' என்று காட்டுகிறது. தமிழ்ப் பெயருக்கு எதிரே உள்ள 'பொறுப்பு' கட்டத்தைத் திறந்து பார்த்தேன். வெறுமையாக இருந்தது.