செங்கோட்டை – கொட்டாரக்கரை: பஸ்ஸா, ரயிலா?

எனக்கு வேலை கேரளத்தில் கொட்டாரக்கரையில், வீடு எல்லைக்கு இந்தப் பக்கம் செங்கோட்டையில். திங்கட்கிழமை காலை போய்ச் சனிக்கிழமை சாயங்காலம் திரும்புவது வழக்கம். மலைப்பாதையில் மறுபடி ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்பிருந்தே இந்த வழியில்தான் போய்வருகிறேன். புனலூரில் கடை வேலைக்கும் கொல்லத்தில் நர்சிங் படிப்புக்கும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் ஊரில் நிறைய பேர். பஸ் நல்லதா ரயில் நல்லதா என்று அவர்கள் கேட்கும்போது நான் சொல்வது ஒன்றுதான்: நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் பஸ், நேரம் கையில் இருந்தால் ரயில்.

ரயில் இருக்கும்போது பஸ்ஸை ஏன் சொல்கிறேன் என்று கேட்பார்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர், கொட்டாரக்கரை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் பாதை 94 கி.மீ. 1904இல் மீட்டர் கேஜாகத் திறந்த பழைய பாதை. அகலப்பாதையாக மாற்ற 2010 செப்டம்பரில் செங்கோட்டை – புனலூர் பகுதியில் வண்டிகளை நிறுத்தினார்கள். 2018 ஜூனில்தான் முழுப் பாதையும் திறந்தது. நடுவில் கிட்டத்தட்ட எட்டு வருஷம், மலையைத் தாண்ட எங்களுக்கு பஸ்ஸை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பழக்கம் ஊரில் இன்னும் போகவில்லை. ரயில்வே கொடுத்திருக்கும் நேரங்களைப் பார்த்தால் போகவும் போகாது என்றுதான் தோன்றுகிறது.

தினமும் ஓடுகிற வண்டிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். சென்னை எழும்பூரிலிருந்து வரும் கொல்லம் எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே செங்கோட்டைக்கு வந்துவிடும். கொட்டாரக்கரைக்கு வேலைக்குப் போகிறவனுக்கு இது ஒன்றுதான் கொஞ்சம் ஒத்துவரும், அதுவும் விடிவதற்கு வெகு முன்பே எழுந்தால். மதுரையிலிருந்து குருவாயூர் போகும் வண்டி பிற்பகலில் வரும். தூத்துக்குடியிலிருந்து பாலக்காடு போகும் பாலருவி எக்ஸ்பிரஸ் நடுராத்திரிக்கு மேல். சரி, திரும்பி வருவதற்கு? சென்னை வண்டி நண்பகல் வாக்கில் கொல்லத்தை விட்டுக் கிளம்பிவிடுகிறது. மதுரை வண்டியும் பகலிலேயே போய்விடுகிறது. சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்கு வேலை முடித்து வருகிறவன் ரயிலில்தான் ஏறுவேன் என்று அடம் பிடித்தால், இரவு நெடுநேரம் கழித்து வரும் பாலருவிக்காக ஸ்டேஷனில் கொசு அடித்துக்கொண்டு உட்கார வேண்டும். மாத சீசன் டிக்கெட் 150 கி.மீ. வரை தருகிறார்கள், எங்கள் தூரம் அதற்குள் தாராளமாக அடங்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுவதற்குத்தான் வண்டி இல்லை.

இந்த வண்டிகள் எதுவும் செங்கோட்டைக்காரனையோ புனலூர்க்காரனையோ மனதில் வைத்து விட்டவை அல்ல. சென்னைக்குப் போகிறவர், குருவாயூருக்குப் போகிறவர், பாலக்காட்டுக்குப் போகிறவர் ஆகியோருக்கானவை. போகிற வழியில் நாங்கள் தொற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். இதற்கு நல்ல சாட்சி குருவாயூர் வண்டி. மதுரை – செங்கோட்டை, செங்கோட்டை – கொல்லம், புனலூர் – குருவாயூர் என்று தனித்தனியாக ஓடிய வண்டிகளை ஒன்றாகச் சேர்த்து 2023 ஆகஸ்டில் ஒரே எக்ஸ்பிரஸ் ஆக்கினார்கள். மதுரையிலிருந்து நேராகக் குருவாயூர் போகலாம் என்று பக்தர்களுக்குச் சந்தோஷம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பக்கத்துச் சின்ன ஊர்களுக்கு நடுவே மட்டும் ஓடிய வண்டி காணாமல் போனது.

மாநில எல்லையால் வந்த சிக்கல் என்று இதைச் சொல்ல முடியாது. முழுப் பாதையும் தெற்கு ரயில்வேயில்தான் இருக்கிறது. புனலூரும் கொட்டாரக்கரையும் கேரளத்து ஊர்கள் என்றாலும் மதுரைக் கோட்டத்தில் வருகின்றன. கொல்லம் ஜங்ஷன் திருவனந்தபுரம் கோட்டம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் நடுவே ஒரு ஜோடி வண்டி விட எந்த மாநில அரசின் ஒப்பந்தமும் தேவைப்படாது.

இப்போது பஸ் கதைக்கு வருகிறேன். பஸ்ஸுக்கு ஒப்பந்தம் வேண்டும். ஒரு மாநிலத்தில் வாங்கிய பெர்மிட் அடுத்த மாநிலத்தில் தானாகச் செல்லாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆவது பிரிவின்படி, அந்த மாநில அதிகாரிகள் அதில் மேலொப்பம் போட வேண்டும். எந்தத் தடத்தில் எத்தனை வண்டி, அடுத்தவர் எல்லைக்குள் எவ்வளவு தூரம் என்றெல்லாம் இரு மாநிலங்களும் உட்கார்ந்து பேசி, அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு முடிக்க வேண்டும். கூட்டம் நிரம்பி வழிகிறதே, நாளைக்கே இன்னொரு பஸ் விடுங்கள் என்று டெப்போ மேனேஜரிடம் போய் நின்று பயனில்லை.

இத்தனை கெடுபிடி இருந்தும் எங்கள் தடத்தில் பஸ் நன்றாகவே ஓடுகிறது. தென்காசி பக்கத்திலிருந்து நம்முடைய அரசு பஸ்களும் அந்தப் பக்கத்திலிருந்து ஆனவண்டி என்று மலையாளிகள் செல்லமாகக் கூப்பிடும் கேரள அரசு பஸ்களும் நாள் முழுக்கப் போய்வருகின்றன. காலையில் ஒன்றை விட்டாலும் அடுத்தது கிடைத்துவிடும் என்ற தைரியத்தில் வீட்டை விட்டுக் கிளம்பலாம். ரயிலில் அந்தத் தைரியம் வராது. உட்கார்ந்து போக வேண்டும் என்றால் செங்கோட்டையில் ஏறாமல் தென்காசிக்கே போய் ஏறுவது நல்லது. திங்கள் காலையில் செங்கோட்டைக்கு வரும்போதே சீட்டு நிறைந்துவிடும்.

தமிழ்நாட்டுப் பக்கம் கடைசி ஊரான புளியரை தாண்டியதும் வளைவுகள் ஆரம்பிக்கும். வயிறு புரட்டுகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள், காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். கற்களும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போகும், அவற்றை முந்த இடம் கிடைக்காது. தேசிய நெடுஞ்சாலை 744 என்று பெயர் பெரிதாக இருந்தாலும் அந்த இடத்தில் சாலை அகலமில்லை. கோட்டைவாசலில் கருப்பசாமியைக் கும்பிடாமல் மலையேறுகிற டிரைவரை நான் பார்த்ததில்லை. அதுதான் எல்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. அப்போது எல்லை இந்தப் பக்கம் பிரானூரில் இருந்தது. அந்த இடத்தை இன்னும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறோம், பரோட்டா சாப்பிடப் போகிறவர்களுக்கும் அதே பெயர்தான்.

ஆரியங்காவில் சோதனைச்சாவடி. எக்சைஸ்காரர்கள் பஸ்ஸில் ஏறிப் பைகளைத் தட்டிப் பார்ப்பார்கள். தினசரி ஆட்களை முகம் பார்த்தே விட்டுவிடுவதும் உண்டு. பால் வண்டிகளைச் சோதிக்கத் தனிச் சாவடியே இருக்கிறது. ஓணம் நெருங்கும்போது பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து போகும் காய்கறி லாரிகளும் சேர்ந்துகொள்ளும், அந்த வாரங்களில் அரை மணி நேரம் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் புதிதாகப் போகிறவர்களைக் குழப்பும். எந்த மாநிலத்து பஸ்ஸில் ஏறினாலும், தமிழ்நாட்டுத் தூரத்துக்குத் தமிழ்நாட்டுக் கட்டணம், கேரளத் தூரத்துக்குக் கேரளக் கட்டணம். இங்கே சாதாரண வெளியூர் பஸ்ஸுக்கு 2018 ஜனவரியில் நிர்ணயித்தது கிலோமீட்டருக்கு 58 காசு. அங்கே 2022 மே மாதத்திலிருந்து ஒரு ரூபாய், குறைந்தபட்சம் 10 ரூபாய். அதனால்தான் மலையில் அந்தப் பக்கம் கால் வைத்ததும் டிக்கெட் விலை எகிறுகிறது. கண்டக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ரயிலில் முன்பதிவில்லாத டிக்கெட் எடுத்தால் இதை விடக் குறைவுதான். பணத்தைப் பார்த்தால் ரயிலை அடிக்க ஆளில்லை.

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எல்லை தாண்டும் பஸ்களில் அது செல்லாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் புளியரை வரை டவுன் பஸ்ஸில் இலவசமாக வந்து, அங்கிருந்து கேரளத்துக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். நேரம் போகும், ஆனால் தினமும் போகிறவர்களுக்கு மாதக் கடைசியில் அது கணிசமான தொகை.

இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் எனக்கு இருக்கும் பெரிய குறை, தகவல். இந்த மாநிலத்து விசாரணைக் கவுன்ட்டரில் அந்த மாநிலத்து பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் தெரியாது. அங்கே போனால் இங்கத்து பஸ் பற்றித் தெரியாது. மொபைலில் தேடினால் முன்பதிவு செய்யும் தொலைதூர பஸ்தான் வரும், நாங்கள் ஏறுகிற சாதாரண பஸ் வராது. ஒரு ராத்திரி வழியில் ஒரு பஸ் நிலையத்தில் கவுன்ட்டரில் கேட்டேன், "இனி வண்டி இல்லை" என்றார்கள். பக்கத்து டீக்கடைக்காரர்தான், "அண்ணாச்சி, தென்காசி வண்டி இன்னும் போகலை, நில்லுங்க" என்றார். கால் மணி நேரத்தில் பஸ் வந்தது. அன்றிலிருந்து நான் விசாரிப்பது டீக்கடையில்தான். ஆனாலும் இரவு எட்டு மணிக்கு மேல் புனலூரில் நிற்கிறவர் எதையும் நம்பக் கூடாது. ஆரியங்காவு வரை ஏதாவது கிடைக்கும், அதற்கப்புறம் ஆட்டோதான்.

பஸ்ஸை மட்டும் நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது கொரோனா காலத்தில் தெரிந்தது. 2020 மார்ச்சில் நின்ற தமிழ்நாடு – கேரள பஸ் போக்குவரத்து 2021 டிசம்பர் 1ஆம் தேதிதான் மறுபடி தொடங்கியது. அதற்குள் இரண்டு பக்கமும் உள்ளூர் பஸ்கள் ஓடத் தொடங்கிவிட்டன, எல்லையைத்தான் தாண்டவில்லை. இந்தப் பக்கத்து பஸ்ஸில் வந்து இறங்கி, நடுவில் ஆட்டோவுக்குக் கேட்ட காசைக் கொடுத்து, அந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏற வேண்டியிருந்தது. பஸ் டிக்கெட்டை விட ஆட்டோவுக்கு அதிகம் போனது. அப்போது காலையும் சாயங்காலமும் ஒரு பாசஞ்சர் ஓடியிருந்தால் எத்தனையோ பேர் வேலையை விட்டிருக்க மாட்டார்கள்.

ரயிலைக் குறை சொல்லிக்கொண்டே போகிறேன், ஆனால் அதில் போகிற சுகம் தனி. விருந்தாளி வந்தால் நான் பஸ்ஸில் கூட்டிப்போக மாட்டேன். பகவதிபுரம் தாண்டியதும் நீளமான குகை. உள்ளே போகும்போது தமிழ்நாடு, வெளியே வந்தால் கேரளம். பிள்ளைகள் கத்துகிற கத்தலில் காது அடைத்துவிடும். மலைப்பகுதியில் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போக மாட்டார்கள், ஏற்றத்துக்காகப் பின்னாலும் ஓர் எஞ்சின் மாட்டுவார்கள். வேலைக்குப் போகிறவனுக்கு எரிச்சல், வேடிக்கை பார்க்க வந்தவருக்கு வரம். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் வரும். மீட்டர் கேஜ் காலத்துக் கல் கட்டுமானம். இடிக்காமல் பலப்படுத்தி அதன் மேலேயே அகலப்பாதையைப் போட்டிருக்கிறார்கள். பாலத்தின் மேல் போவதை விட கீழே சாலையில் நின்று பார்ப்பதுதான் அழகு என்று என் மனைவி சொல்வாள், அவள் சொல்வது சரிதான். மழைக்காலம் என்றால் தென்மலை வரை ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

வயதானவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவர்களும் ரயிலைத்தான் பார்க்க வேண்டும். கழிப்பறை இருக்கிறது, கால் நீட்டலாம், வளைவுகள் தெரியாது. டாக்டரைப் பார்க்கும் நேரத்தை வண்டிக்குத் தக்கபடி வாங்கிக்கொள்ள முடிந்தால் இதை விட நல்ல ஏற்பாடு கிடையாது.

சீசன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற ஜூன், ஜூலை, ஆகஸ்டில் சனி, ஞாயிறு கேரளத்திலிருந்து வரும் பஸ்ஸில் இடம் கிடைக்காது. எனக்கு அதே நாளில்தான் திரும்ப வேண்டும், அதனால் புனலூரில் இறங்கி அங்கேயே கிளம்புகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறுவேன். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகிறவர்களோடு ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை கோயில்களுக்குப் போகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அந்த மாதங்களில் சிறப்பு ரயில்களும் விடுகிறார்கள். அவற்றில் ஒன்று உங்களுக்கு ஏற்ற நேரத்தில் வந்தால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், தை பிறந்ததும் அது நின்றுவிடும்.