விளக்கம் பெரியவர்களுக்குத்தான் வேண்டும்: டயானா வின் ஜோன்ஸின் ‘ரிஃப்லெக்‌ஷன்ஸ்’

சிறுவர்களுக்கு மாயக்கதை எழுத விரும்பும் யார் கேட்டாலும் நான் தயங்காமல் கையில் கொடுக்கும் புத்தகம் இது. எப்படி எழுதுவது என்று இதில் பாடம் எதுவும் இல்லை. ஒரு எழுத்தாளர் எதற்காக எழுதினார், எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பது இருக்கிறது.

சிறுவர்களுக்கு மாயக்கதைகள் எழுதிய இங்கிலாந்துக்காரரான டயானா வின் ஜோன்ஸ் 2011-இல் காலமானார். அவருடைய கட்டுரைகளும் உரைகளும் அடங்கிய இந்தத் தொகுப்பு 2012-இல் வெளிவந்தது. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 2004-ஆம் ஆண்டு அசைவூட்டத் திரைப்படத்தின் வழியாக மட்டுமே அவரை அறிந்தவர்கள் பலர். அந்தப் படத்துக்கு மூலமான ‘ஹவுல்ஸ் மூவிங் கேசில்’ நாவல் 1986-லேயே வந்துவிட்டது. நகரும் கோட்டையைப் பற்றி எழுதுங்கள் என்று ஒரு பள்ளியில் ஒரு சிறுவன் கேட்டதுதான் அதன் விதை.

என்னை உலுக்கியது அவருடைய சிறுவயதைப் பற்றிய பகுதி. எசெக்ஸில் உள்ள தாக்ஸ்டெட் என்ற ஊரில் பெற்றோர் ஒரு கல்வி மையத்தை நடத்தினார்கள். மூன்று மகள்களும் முற்றத்துக்கு அப்பால், கணப்பு வசதிகூட இல்லாத கொட்டகையில் வளர்ந்தார்கள். சிறுவர் எழுத்தாளர் ஆர்தர் ரான்சமின் கதைத்தொகுதியை வாங்கிப் பூட்டி வைத்த தந்தை, கிறிஸ்துமஸுக்கு ஒரு புத்தகம் வீதம் மூவருக்கும் பொதுவாகக் கொடுத்தார். படிக்கப் புத்தகம் இல்லாததால், தங்கைகளுக்காக டயானாவே நோட்டுப் புத்தகங்களில் கதை எழுதத் தொடங்கினார். படிக்கும்போது எனக்கு ஆத்திரமே வந்தது. அவரோ ஒரு சொட்டுத் தன்னிரக்கம் இல்லாமல், சிரிக்கவும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொல்கிறார். அவருடைய நாவல்களில் வரும் பெரியவர்கள் ஏன் பெரும்பாலும் நம்பத்தகாதவர்களாக இருக்கிறார்கள் என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது. 1977-இல் வந்து சிறுவர் நூல்களுக்கான கார்டியன் பரிசு பெற்ற ‘சார்ம்டு லைஃப்’ நாவலில், தன் அக்காவைக் கண்மூடித்தனமாக நம்பும் கேட் என்ற சிறுவன் படும் பாட்டையும் இனி என்னால் பழையபடி படிக்க முடியாது.

ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில், ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் விரிவுரைகளைக் கேட்ட அனுபவமும் உண்டு. மாணவர்கள் வராமல் போனால் வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைத்தவர்போல அவர் கரும்பலகையைப் பார்த்து முணுமுணுப்பாராம். டயானாவும் இன்னும் சிலரும் விடாமல் போய் உட்கார்ந்தார்கள். அந்தப் பிடிவாதத்தின் பலன், ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையமைப்பை அலசும் கட்டுரையில் தெரிகிறது. பொறுமையாகப் படிக்க வேண்டிய கட்டுரை அது.

நூலின் உயிர்நாடி என்று நான் சொல்வது, பெரியவர்களுக்கு எழுதுவதையும் சிறுவர்களுக்கு எழுதுவதையும் அவர் ஒப்பிடும் இடம். பெரியவர்களுக்காக எழுதும்போதுதான் ஒன்றைத் திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டியிருக்கிறது, சிறுவர்கள் எவ்வளவு சிக்கலான கதையையும் பின்தொடர்ந்துவிடுகிறார்கள் என்கிறார். உங்கள் கதை குழந்தைகளுக்குக் கடினம் என்று ஒரு தாய் குறைகூற, பக்கத்தில் நின்ற மகன் எனக்கு எல்லாம் புரிந்தது என்று சொன்ன நிகழ்ச்சியையும் எழுதியிருக்கிறார். குழந்தைகளுக்கு எழுதுகிறோம் என்று சொல்லி ஒவ்வொரு பத்தியிலும் அறிவுரையைத் திணிப்பவர்கள் இந்தப் பக்கங்களை இரண்டு முறை படிக்க வேண்டும்.

குறையும் இருக்கிறது. வெவ்வேறு மேடைகளில் பேசியவை என்பதால் அதே நிகழ்ச்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே மூச்சில் படித்தால் நிச்சயம் அலுக்கும். சில கட்டுரைகள் மிகச் சிறியவை, சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடுகின்றன. மாயக்கதை எழுத்தாளர் நீல் கெய்மனின் முன்னுரை தோழமையும் நெகிழ்ச்சியுமாக இருக்கிறது.

அவருடைய நாவல் எதையும் படித்திராதவர்கள் இதில் தொடங்க வேண்டாம். ‘சார்ம்டு லைஃப்’ படித்துவிட்டு வாருங்கள். அவருடைய நாவல்களை ஏற்கெனவே நேசிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம், ஓரத்தில் குறிப்பெழுத ஒரு பென்சிலோடு.