மத்திக் கருவாட்டுத் தூள் காறாமல் இருக்க எது உதவும்?

காசிமேட்டில் வாங்கிய மத்தியை மொட்டைமாடியில் காயவைத்துப் பொடித்து, தெளிவான பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜன்னலோரம் வைத்திருந்தேன். கத்திரி வெயில் முடிவதற்குள் மேலாகத் துருப்பிடித்த மாதிரி பழுப்பு ஏறிவிட்டது. கவரைப் பிரித்தால் பெயிண்ட் வாடை. ஈரமும் இல்லை, பூஞ்சையும் இல்லை. மத்தியின் கொழுப்பு காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை பிடித்திருந்தது; இதைத்தான் காறுவது என்கிறோம். வெளிச்சமும் சூடும் அதை விரட்டி வேலை வாங்கியிருக்கின்றன. கொழுப்பு குறைந்த நெத்திலியில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. உப்பைக் கூட்டினால் சரியாகுமா என்றால், அதுவும் இல்லை. உப்பு கிருமியைத் தடுக்கும், ஆனால் காறுவதை வேகப்படுத்தும்.

சரி, மருந்து சேர்க்கலாமா? தீவனத்துக்கான மீன்தூள் ஆலைகளில் நெடுங்காலமாக எத்தாக்ஸிகுயின்தான், கொழுப்பு காறாமல் தடுக்கும் ஒரு செயற்கை ரசாயனம். விலை மலிவு, வீரியம் அதிகம். கப்பலில் மீன்தூள் தானாகச் சூடேறித் தீப்பிடிக்காமலும் காக்கும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தீவனத்தில் அதற்கான அனுமதியை நிறுத்திவைத்தது. வீட்டுச் சாப்பாட்டுக்கு நான் அதைத் தொடமாட்டேன். வைட்டமின் ஈயும் ரோஸ்மேரிச் சாறும் விலை கூட, சீக்கிரம் தீர்ந்தும் போகும். இருந்தாலும் என் ஓட்டு இவற்றுக்குத்தான். ஒன்று முக்கியம்: பொடிக்கும்போதே கலந்துவிட வேண்டும். வாடை வந்தபின் எதை ஊற்றினாலும் தூள் பழையபடி ஆகாது.

பேக்கிங்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிலிக்கா ஜெல் ஈரத்தைத்தான் உறிஞ்சும், ஆக்ஸிஜனைத் தொடாது. வேக்யூம் நல்லதுதான், ஆனால் முழுக் கருவாட்டின் முள் கவரைக் குத்திவிடும். தூளாக இருந்தால் ஒட்டும் இடத்தில் படிந்து சீல் விட்டுப்போகும். மெல்லிய பிளாஸ்டிக் வழியாக எப்படியும் காற்று மெல்ல உள்ளே வரும். அலுமினியம் ஃபாயில் கவரும் இரும்புத்தூள் அடைத்த ஆக்ஸிஜன் உறிஞ்சிப் பொட்டலமும் சேர்ந்தால் இவை எல்லாவற்றையும்விட மேல். வைட்டமின் ஈ சேர்க்காவிட்டால்கூட இதை விடாதீர்கள். அரைகுறையாகக் காய்ந்ததை மட்டும் இப்படி அடைத்து வெளியில் வைக்கவே கூடாது. காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமி உண்டு.

ஃப்ரீசர் காறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதிலிருந்து எடுத்த பாக்கெட்டை, சில்லிப்பு போகும்வரை பிரிக்காதீர்கள். சென்னைக் காற்றின் ஈரம் தூளிலேயே வியர்த்துவிடும்.