வயநாட்டின் பெயரைச் சொல்லி விற்ற டிக்கெட்

காட்பாடி, வேலூர் பக்கம் இருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். வயநாட்டு நிவாரணக் கச்சேரி என்று சொல்லி ஏமாற்றி விற்ற டிக்கெட்டுகளில் 40-ஐ என் கையால் விற்றுக் கொடுத்தவன் நான். அதனால் இதை எழுத வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

2024 ஜூலை 30 விடியும் முன்பே வயநாட்டில் மலை சரிந்து, முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேலூருக்கு அது வெளியூர்ச் செய்தி அல்ல. இங்கே மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் செவிலியர்களில் கேரளப் பெண்கள் ஏராளம். எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் குடியிருக்கிறார்கள். அந்த வாரம் நிவாரணம் என்று யார் வந்து நின்றாலும் கொடுக்கிற மனநிலையில்தான் எல்லோரும் இருந்தோம். அந்த நேரம் பார்த்து வந்தார்கள்.

இரண்டு பேர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஒரு அறக்கட்டளையின் பெயரில் நிவாரண நிதிக்காக இன்னிசை இரவு நடத்துவதாகவும், டிக்கெட் 300 ரூபாய் என்றும், செலவு போக மீதி முழுவதும் வயநாட்டுக்குப் போகும் என்றும் சொன்னார்கள். "சார் சொன்னால் தெருவே வாங்கும்" என்று 40 டிக்கெட் கொண்ட புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். செலவு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தது. எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவிடம் நான் கேட்கவே இல்லை, அவராகவே கூப்பிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. "முகம் தெரியாத யாரோ கொடுத்த பாயில்தான் தம்பி அன்றைக்குப் படுத்தோம்" என்று சொல்லிக்கொண்டே சுருக்குப் பையை அவிழ்த்தார். எல்லாம் பத்தும் இருபதுமாக, ஓரத்தில் மாவு காய்ந்து ஒட்டிய நோட்டுகள். என் கையில்தான் எண்ணி வைத்தார்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மாலை குடும்பத்தோடு போனோம். டிக்கெட்டில் போட்டிருந்த மண்டபத்தில் யாருக்கோ வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. மேலாளர் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். அப்படி ஒரு நிகழ்ச்சிக்கு யாரும் முன்பணம்கூடக் கட்டவில்லை. கைபேசி எண் அணைக்கப்பட்டிருந்தது. வாசலில் எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவரிடமும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த டிக்கெட்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் அட்டை, அழகான அச்சு. ஆனால் வரிசை எண் இல்லை, அடிக்கட்டை இல்லை, அறக்கட்டளையின் பதிவு எண்ணும் இல்லை. எண் இல்லாவிட்டால் எத்தனை டிக்கெட் விற்றது என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. "80ஜி வரிவிலக்கு உண்டு" என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் சட்டப்பிரிவு அது. தெரிந்த ஆடிட்டர் ஒருவர் அதைப் பார்த்ததுமே இல்லை என்று தலையை ஆட்டினார். பாட்டுக் கச்சேரி பார்க்கக் கொடுக்கும் காசு நன்கொடை ஆகாது. உண்மையான நன்கொடை என்றால் ரசீதில் அறக்கட்டளையின் பான் எண்ணும் 80ஜி பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கு விலக்கே கிடையாது என்றார்.

மொத்தம் 12,000 ரூபாய். அதில் 9,000-ஐ நான் கைபேசி வழியாக அனுப்பியபோது திரையில் வந்தது ஒரு தனி ஆளின் பெயர். அறக்கட்டளைக்குப் போகும் பணம் ஏன் தனி ஆள் கணக்குக்குப் போகிறது என்று அந்த நொடியில் நிறுத்தியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் நான்கு நாள் கழித்துத்தான் அழைத்தேன். பணம் கணக்கை விட்டு வெளியேறுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். நீங்கள் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

கலை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக நடத்துகிறவர்கள் மண்டப ரசீதையும், ஒலிபெருக்கிக்குக் காவல்துறை கொடுத்த அனுமதியையும் கேட்டால் காட்டுவார்கள். கேட்டதற்காகக் கோபப்பட மாட்டார்கள். உதவிதான் செய்ய வேண்டும் என்றால் முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு நேராகவே அனுப்பலாம், அதற்கு ரசீது வரும். கேரளத்துக்கும் அதே போல அவர்கள் அரசின் நிதி இருக்கிறது.

தெருவில் வாங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவருகிறேன். இட்லிக் கடை அக்கா மட்டும் வாங்க மறுத்துவிட்டார். "அந்த ஊருக்குப் போக வேண்டிய காசு தம்பி, அங்கேயே அனுப்பிவிடுங்கள்" என்றார். அவர் பெயரிலேயே அனுப்பி, ரசீதை அச்செடுத்துக் கொடுத்தேன்.

மஞ்சள் அட்டையில் மேலே இரண்டு கைகள் கூப்பிய படம், கீழே ஊதா நிற முத்திரை. இதே டிக்கெட் குடியாத்தம், ஆற்காடு பக்கமும் விற்றிருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் வீட்டில் இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய விவரத்தோடு எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். நான் கொடுத்த புகார் தனியாக நிற்கிறது.