டிங்க் பழக மதிலா, ஆளா? வன்னியில விளையாடுற ஆக்களுக்கு

கிளிநொச்சியில எங்களோட பிக்கிள்போல் (பேடில் எண்ட மட்டையால ஓட்டையுள்ள பிளாஸ்ரிக் பந்தை நெற்றுக்கு மேலால அடிக்கிற விளையாட்டு) விளையாடுற பெடியள் முக்கால்வாசிப்பேர் பட்மின்ரன்ல இருந்து வந்தவையள், அதால ஓங்கிச் சாத்துறதுக்கு ஒருத்தருக்கும் பாடம் தேவையில்லை, ஆனா நெற்றடிக்கு வந்து மெல்லமாத் தட்டிப் போடுற டிங்க் எண்டு வந்தா பந்து ஒண்டில் நெற்றில செருகும், இல்லாட்டி நெஞ்சு உயரத்துக்கு எழும்பி அங்கால நிக்கிறவன் போட்டுச் சாத்துவான். இதைத் திருத்த தனிய மதிலோட பழகலாம், இல்லாட்டி ஒரு ஆளோட பழகலாம். நான் ரெண்டையும் செய்து பாத்தனான்.

மதிலுக்கு ஒரு கரித்துண்டு காணும். நிலத்தில இருந்து 34 இஞ்சி உயரத்தில மதிலில ஒரு கோடு, அதுதான் நெற்றின்ர நடு உயரம், கரையில 36. பிறகு மதிலில இருந்து 7 அடி தள்ளி நிலத்தில இன்னொரு கோடு, அதுக்குப் பின்னால நிண்டு தட்டுங்கோ. மதில் பழக்கிறது பிடியை. இறுக்கிப் பிடிச்சா டொக் எண்டு சத்தம் கேக்கும், பந்து இடுப்பைத் தாண்டிப் பின்னால ஓடிடும். பாலைப்பழத்தை நசியாமல் கையில வச்சிருக்கிற மாதிரி விரலைத் தளர்த்திப் பிடிச்சுப் பாருங்கோ, சத்தம் அமுங்கும், பந்து காலடிக்கு முன்னால வந்து விழும். காதாலயே பிழை விளங்கும், அதை எந்த ஆளும் இவ்வளவு கெதியாச் சொல்லித்தர மாட்டான். சோளகம் பிடிச்சு வீசேக்கையும் மதிலின்ர மறைவுப் பக்கம் நிண்டு பழகலாம், வெளியில ஓட்டைப் பந்து காத்துக்கு இழுபட்டுப்போயிடும்.

ஆனா கோட்டுக்கு மேலால போன பந்து கிச்சினுக்குள்ள (நெற்றுக்கு ரெண்டு பக்கமும் 7 அடிக்கு இருக்கிற இடம்) விழுமோ, மூண்டடி தாண்டி விழுமோ எண்டு மதில் சொல்லாது. நான் மதிலில ஒரு மாசம் பழகிப்போட்டு விளையாடுற இடத்துக்குப் போன அண்டைக்கு என்ர டிங்க் எல்லாம் நீளமாப் போய் விழுந்தது. மற்றது கால். பந்தை நிலத்தில விழ விடாமல் காத்தில வாங்கி அடிக்கேக்க கால் கிச்சின் கோட்டில முட்டக்கூடாது, மதிலடியில அதைப் பாக்க ஆள் இல்லை, தெரியாமலே கால் முன்னுக்குப் போய்ப் பழகிடும்.

ஆளோட எண்டா நேருக்கு நேர் தொடங்காமல் மூலைக்கு மூலை தட்டுங்கோ. நேரா ரெண்டு கிச்சின் கோட்டுக்கும் இடையில 14 அடிதான், மூலைக்கு மூலை 24 அடிக்கு மேல வரும், பந்தும் நெற் பதிஞ்ச நடுப்பக்கத்தால போகும், அதால பிழைக்க இடம் கூட. எங்கட ஆக்களுக்கு பட்மின்ரன் மணிக்கட்டு விடாது, வெட்டி வெட்டித்தான் போடுவினம். என்ர பாட்னர் ஒவ்வொரு பந்துக்கும் "மச்சான் மணிக்கட்டை ஆட்டாத, தோளால தள்ளு" எண்டு சொல்லிச் சொல்லித்தான் எனக்கு அது நிண்டது.

ஒண்டைத்தான் செய்ய நேரமிருக்கு எண்டா யோசிக்காமல் ஆளைப் பிடியுங்கோ. புதுசாப் பேடில் பிடிக்கிற ஆள் எண்டா மட்டும் முதல் ரெண்டு கிழமை மதில், பிடி தளர்ந்த பிறகு கோட்.

இன்னொரு விசயம். பட்மின்ரன் கோட்டும் 20க்கு 44 அடி எண்டதால அப்பிடியே நெற்றைப் பதிச்சுப்போட்டு விளையாடுறம், அதின்ர முன் சேர்விஸ் கோடு ஆறரை அடியில கிடக்கு, கிச்சின் 7 அடி. அந்த அரை அடியை அளந்து சோக்கால கீறிப்போட்டுத் தொடங்குங்கோ, இல்லாட்டி கையும் காலும் பிழையான தூரத்துக்குப் பழகிடும்.