எக்செல் சால்வர்: லாங்மியர் சமன்பாட்டைப் பொருத்த இது போதுமா?

பாஸ்பேட்டைப் பிடிக்கும் செவலமரும் பித்த உப்புகளைப் பிடிக்கும் கொலஸ்டைரமினும் குடலோடு நின்றுவிடும் மருந்துகள். ரத்தத்துக்குள் போகாததால், இரண்டு நிறுவனங்களின் மாத்திரைகள் சமமா என்பதை ரத்த அளவை வைத்துச் சொல்ல முடியாது. குடுவையில் பிணைப்பை அளந்து, லாங்மியரின் பரப்புக்கவர்ச்சிச் சமன்பாட்டை (கரைசலின் செறிவுக்கும் பரப்பில் பிணையும் அளவுக்கும் உள்ள உறவு) பொருத்தி, கிடைக்கும் மாறிலிகளை ஒப்பிடுகிறார்கள். செவலமர் கார்பனேட்டுக்கான அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவின் வழிகாட்டுதல் பி.எச். 4, 7 இரண்டிலும், குறைந்தது எட்டுப் பாஸ்பேட் செறிவுகளில், 37 டிகிரி செல்சியஸில், குறைந்தது 12 முறை சோதனையைச் செய்யச் சொல்கிறது. கொள்ளளவு மாறிலியான கே2-வின் 90% நம்பிக்கை இடைவெளி 80 முதல் 120 சதவீதத்துக்குள் வர வேண்டும். ஈர்ப்பு மாறிலியான கே1-க்கு விகிதத்தைக் காட்டினால் போதும்.

ஆகவே எல்லாம் கே2-வில் நிற்கிறது. அதைக் கணக்கிட, உகந்த மதிப்புகளைத் தேடித் தரும் கருவியாக எக்செல்லோடு வரும் சால்வரை நம்பலாமா? மாறிலிகளின் மதிப்பை எடுக்க நம்பலாம். நல்ல கருவி, தனியாகக் காசும் இல்லை. ஆனால் பெட்டியைத் திறந்து அப்படியே 'சால்வ்' அழுத்தினால் தவறான எண்ணை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கொடுத்துவிடும். எண்ணின் திட்டப்பிழையை, அதாவது அந்த எண் எவ்வளவு நிச்சயமற்றது என்பதை, அது சொல்வதே இல்லை.

முதலில் அமைப்பு. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய், கீழே உள்ள 'கோ' பொத்தானை அழுத்தி, சால்வர் ஆட்-இன்னுக்கு டிக் போட்டால் டேட்டா டேப்பின் வலது ஓரத்தில் வந்துவிடும். தாளில் ஏ பத்தியில் தொடக்கச் செறிவு, பி பத்தியில் சமநிலைச் செறிவு (ச), சி பத்தியில் ஒரு கிராமுக்குப் பிணைந்த அளவு (ப). ப = (தொடக்கச் செறிவு − ச) × கனஅளவு ÷ எடை. எடை என்பது உலர்ந்த எடை. செவலமர் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உலர்த்தல் இழப்பைக் கழிக்காமல் போட்டால் கே2 அதே விகிதத்தில் குறைந்து நிற்கும், எந்த மென்பொருளாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. டி பத்தியில் கணித்த அளவு:

ப = கே1 × கே2 × ச ÷ (1 + கே1 × ச)

கே1, கே2 இரண்டையும் தனிக் கட்டங்களில் வையுங்கள். இன்னொரு கட்டத்தில் சி, டி பத்திகளுக்கு 'சம்எக்ஸ்எம்ஒய்2' சூத்திரம்; எச்ச வர்க்கங்களின் (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கங்கள்) கூட்டல் ஒரே அடியில் வந்துவிடும். சால்வரில் அந்தக் கட்டத்தை இலக்காக்கி 'மின்' தேர்ந்தெடுத்து, மாறும் கட்டங்களாக கே1, கே2-வைக் கொடுக்க வேண்டும். முறை ஜிஆர்ஜி நான்லீனியர்.

தொடக்க மதிப்புகளுக்கு நேர்கோட்டு வடிவம் உதவும். ச÷ப-வை ச-வுக்கு எதிராக வரைந்தால் சாய்வு 1÷கே2, வெட்டுத்துண்டு 1÷(கே1×கே2). அதன் வேலை அத்தோடு முடிந்துவிட வேண்டும். பல ஆய்வறிக்கைகளில் இந்தக் கோட்டிலிருந்தே கே2-வை எடுத்து, பக்கத்தில் 0.999 என்று ஆர்-வர்க்கத்தையும் எழுதிவிடுகிறார்கள். இரண்டு அச்சிலும் ச இருப்பதால், தரவு கொஞ்சம் சிதறியிருந்தாலும் கோடு அழகாகவே வரும். அந்த 0.999 பொருத்தத்தின் தரத்தைப் பற்றி அநேகமாக எதுவும் சொல்வதில்லை.

இனி சால்வர் காலை வாரும் இடங்கள். மிக மோசமானது, முதல் திரையிலேயே டிக் போடப்பட்டு வரும் 'மேக் அன்கன்ஸ்ட்ரெய்ன்ட் வேரியபிள்ஸ் நான்-நெகட்டிவ்'. கே1, கே2-வை நேரடியாகத் தேடும்போது அது நல்லதுதான். ஆனால் கே1 மிகச் சிறிய எண்ணாக இருந்தால் அதன் இயல் மடக்கையை மாறியாக வைப்பது வழக்கம். கே1 0.5 என்றால் மடக்கை −0.69. டிக் இருந்தால் சால்வர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. மடக்கை 0-வில் ஒட்டிக்கொள்ளும், கே1 சரியாக 1 என்று வரும். கே1 சுத்தமான 1 என்று வந்தால் உடனே இந்த டிக்கைப் பாருங்கள்.

அடுத்தது முடிவுச் செய்தி. 'சால்வர் ஃபவுண்ட் எ சொல்யூஷன்' என்றால் உகந்த நிலைக்கான நிபந்தனைகள் நிறைவேறின என்று பொருள். 'சால்வர் ஹேஸ் கன்வெர்ஜ்ட் டு த கரன்ட் சொல்யூஷன்' என்றால் இலக்கு மதிப்பு மெதுவாக மாறுகிறது, அதனால் நிறுத்திவிட்டது என்று மட்டுமே பொருள். பலர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு 'ஓகே' அழுத்துகிறார்கள். ஆப்ஷன்ஸில் ஜிஆர்ஜி தாவலில் கன்வெர்ஜன்ஸ் 0.0001 என்று இருக்கும், 0.0000001 ஆக்குங்கள். டெரிவேட்டிவ்ஸ் 'ஃபார்வர்ட்'டில் இருக்கும், 'சென்ட்ரல்' ஆக்குங்கள். ஆட்டோமேட்டிக் ஸ்கேலிங் (தானியங்கி அளவுமாற்றம்) டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கிடைத்த விடையிலிருந்தே இன்னொரு முறை ஓட்டுங்கள். ஐந்தாவது இலக்கம் வரை நகரக் கூடாது.

இதையெல்லாம் வார்த்தையாக நம்ப வேண்டியதில்லை. அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் வெளியிட்டுள்ள புள்ளியியல் சோதனைத் தரவுகளில் 'மிஸ்ரா1டி' என்று ஒன்று இருக்கிறது. பல் மருத்துவ ஆராய்ச்சியில் ஒற்றை மூலக்கூறு அடுக்குப் பரப்புக்கவர்ச்சியை அளந்த 14 புள்ளிகள்; சமன்பாடு அச்சு அசலாக லாங்மியர் வடிவம். சான்றளித்த விடை: கொள்ளளவு 437.37, ஈர்ப்பு மாறிலி 0.00030227, எச்ச வர்க்கக் கூட்டல் 0.056419. கொடுக்கப்பட்ட கடினமான தொடக்கம் 500, 0.0001. ஒரு மாறிலி மற்றொன்றைப் போல பத்து லட்சம் மடங்குக்கும் மேல். அளவுமாற்றம் சரியில்லாத அமைப்பு தடுமாற இதைவிட நல்ல இடம் கிடையாது. உங்கள் தாளில் முதலில் இதை ஓட்டி, மேலே உள்ள எண்கள் வந்தால் மட்டுமே சொந்தத் தரவைப் போடுங்கள். தாளைச் சரிபார்த்ததற்கான ஆவணமாகவும் இதையே கோப்பில் வைக்கலாம்.

சால்வரைக் குறை சொல்லவே முடியாத ஒரு இடமும் உண்டு. கே2-வைத் தீர்மானிப்பவை வளைவு தட்டையாகும் உயர் செறிவுப் புள்ளிகள். அங்கேதான் அளவீட்டுப் பிழை பெரிதாகிறது. கே1 மில்லிமோலுக்கு லிட்டர் கணக்கில் 0.5, கே2 கிராமுக்கு 5 மில்லிமோல், 100 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் ரெசின் (பிணைக்கும் மருந்துப்பொருள்) என்று வைத்துக்கொள்வோம். தொடக்கச் செறிவு 1 மில்லிமோலார் என்றால் சமநிலையில் சுமார் 0.32 மிஞ்சும், அதை அளப்பதில் 1% பிழை வந்தால் ப-வில் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே தெரியும். தொடக்கம் 30 என்றால் 25.4 மிஞ்சும், ப 4.63. இப்போது அதே 1% பிழை ப-வில் ஐந்தரை சதவீதம். இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணை எடுப்பதன் விலை இது. ரெசின் எடையைக் கூட்டுவது அல்லது கனஅளவைக் குறைப்பதுதான் மருந்து. 80–120 வரம்பில் தோற்கும் சோதனைகளுக்கு மென்பொருளை மாற்றிப் பார்ப்பதைவிட இந்த விகிதத்தை மாற்றுவது பலன் தரும்.

வடிகட்டியும் பாஸ்பேட்டையோ பித்த உப்பையோ பிடிக்கலாம். ரெசின் இல்லாத கட்டுப்பாட்டுக் குடுவையை அதே வடிகட்டியில் விட்டு, முதல் சில மில்லிலிட்டரைக் கொட்டிவிட்டு அளந்து பாருங்கள். சமநிலை பி.எச்.-ஐயும் எழுதி வையுங்கள்: பாஸ்பேட்டின் இரண்டாவது பி.கே.ஏ. (இரண்டு வடிவங்களும் சரிபாதியாக இருக்கும் பி.எச்.) சுமார் 7.2 என்பதால் பி.எச். 7-இல் ஒற்றை மின்சுமை அயனியும் இரட்டை மின்சுமை அயனியும் கலந்திருக்கும், சிறு நகர்வே கலவையை மாற்றிவிடும். எச்சங்கள் வரிசையாக ஒரு பக்கம் சாய்ந்தால் ஒற்றை வகை இடம் என்ற லாங்மியரின் அனுமானத்தையே சந்தேகப்பட வேண்டும். அப்போது இன்னொரு பரப்புக்கவர்ச்சிச் சமன்பாடான ஃபிராய்ன்ட்லிச்சுக்குத் தாவுவது உதவாது. அதில் வளைவு தட்டையாவதே இல்லை, கே2 என்று எடுக்க ஒன்றும் இராது.

திட்டப்பிழை வேண்டுமென்றால் கையால் செய்யலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு பத்திகள் சேருங்கள்: கே2-வைச் சார்ந்த வகைக்கெழு கே1ச ÷ (1 + கே1ச), கே1-ஐச் சார்ந்தது கே2ச ÷ (1 + கே1ச)². இந்த அணியை 'டிரான்ஸ்போஸ்', 'எம்மல்ட்', 'எம்இன்வர்ஸ்' கொண்டு தன்னோடு பெருக்கி நேர்மாறாக்கி, எச்ச வர்க்கக் கூட்டல் ÷ (புள்ளிகள் − 2) கொண்டு பெருக்கினால், மூலைவிட்ட எண்களின் வர்க்கமூலமே திட்டப்பிழைகள். ஒரு முறை தாளில் அமைத்துவிட்டால் பிறகு தானாக ஓடும்.

தானாக ஓடாதது சால்வர். அது சாதாரணச் சூத்திரம் இல்லை. மூலத் தரவில் ஒரு எண்ணைத் திருத்தினால் பழைய கே1, கே2 அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரு நேரத்தில் ஒரே இலக்கைத்தான் எடுக்கும், கீழே இழுத்து நகலெடுக்க முடியாது. இரண்டு பி.எச்., இரண்டு தயாரிப்பு, 12 முறை என்றாலே 48 பொருத்தங்கள். எல்லா எச்சங்களையும் கூட்டி ஒரே இலக்காக ஓட்டலாம். மாறிகளின் வரம்பு 200 என்பதால் 96 அடங்கும். ஆனால் மொத்தத்தில் மாற்றம் குறைந்ததும் நின்றுவிடும், சரியாகப் பொருந்தாத ஒன்று கூட்டத்தில் மறைந்துவிடும். எக்செல்லுக்குள்ளேயே எழுதும் விபிஏ நிரல்தான் சரியான வழி: டூல்ஸ், ரெஃபரன்சஸில் சால்வரை டிக் செய்து, 'சால்வர்ரீசெட்', 'சால்வர்ஓகே', 'சால்வர்சால்வ்' மூன்றையும் சுழற்சியில் போடுங்கள். 'யூசர்ஃபினிஷ்' ட்ரூ ஆக இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் உரையாடல் பெட்டி வந்து நிற்கும். 'சால்வர்சால்வ்' திருப்பும் குறியீட்டையும் ஒரு பத்தியில் எழுதச் சொல்லுங்கள். 0 என்றால் முழு விடை, 1 என்றால் பாதியில் நின்றது.

வாரத்துக்கு இரண்டு மூன்று வளைவு பொருத்தும் மாணவருக்கும், முறையை உருவாக்கும் கட்டத்தில் இருக்கும் ஆய்வகத்துக்கும் சால்வரைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். கணக்கின் ஒவ்வொரு படியும் கண்முன் இருப்பது கற்பவருக்குப் பெரிய லாபம். சமர்ப்பிப்புக்கான 48 பொருத்தங்களுக்கு புள்ளியியல் நிரல்மொழியான ஆர்-இன் வளைவு பொருத்தும் 'என்எல்எஸ்' மேல். அதுவும் இலவசம், திட்டப்பிழையோடு தரும், 'எஸ்எஸ்மிக்மென்' தொடக்க மதிப்பையும் தானே எடுத்துக்கொள்ளும். அதன் 'கே' என்பது 1÷கே1 என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கிராஃப்பேட் பிரிஸம் மென்பொருள் ஏற்கெனவே இருந்தால் 'ஒன் சைட் ஸ்பெசிஃபிக் பைண்டிங்' அதே சமன்பாடுதான்: 'பிமேக்ஸ்' கே2, 'கேடி' 1÷கே1. இந்த ஒரு வேலைக்காக மட்டும் அதற்குச் சந்தா கட்ட வேண்டாம்.