அரைக்கட்டை இறங்கிய கோயில் பியானோவும் கோவையிலிருந்து வந்த ட்யூனரும்

மலையில் பியானோ வைத்திருக்கிற சபைகளுக்கும் பள்ளிகளுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். போன நவம்பரில் எங்கள் குன்னூர் கோயில் பியானோவுக்குக் கோவையிலிருந்து ஒரு ட்யூனரை (சுருதி சேர்ப்பவரை) வரவழைத்தோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. வேலை சுத்தம், ஆனால் அவர் சொல்லும் தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

பியானோ பழைய அப்ரைட், அதாவது கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை. கீர்த்தனைக்கு அதை யாரும் தொடுவதில்லை, அதற்கு ஹார்மோனியமும் தபேலாவும் போதும். மேற்கத்திய மெட்டில் பாடும் ஞானப்பாட்டுக்கும், கிறிஸ்துமஸ் சமயம் நாலு பார்ட்டில் பாடும்போதும்தான் மூடியைத் திறப்போம். ஆறு வருஷமாக ட்யூனிங் இல்லை. இருந்தும் கொயரில் யாருக்கும் உறுத்தவில்லை, ஏனென்றால் எங்களில் பாதிப்பேர் சோல்ஃபா (டோ, ரே, மி என்று எழுதும் முறை) பார்த்துப் பாடுகிறவர்கள். அதில் ‘டோ’ நம் ‘ஸ’ மாதிரி, எங்கே வைக்கிறோமோ அதுதான் டோ. பியானோ இறங்க இறங்க நாங்களும் கூடவே இறங்கியிருக்கிறோம். டிரினிட்டி இசைப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண் மட்டும் “இது டி மேஜரே இல்லை அங்கிள்” என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். கீபோர்டு வாசிக்கும் பையனோ வாயைத் திறக்காமல் கீபோர்டின் ட்யூனிங்கைக் குறைத்து பியானோவோடு சேர்த்துக்கொண்டான்.

ட்யூனர் வந்ததும் இசைக்கவையை (ட்யூனிங் ஃபோர்க்) தட்டிக் காதில் வைத்தார், பியானோவில் ஏ சுரத்தை அமுக்கினார், சிரித்துவிட்டார். வினாடிக்கு 440 அதிர்வு இருக்க வேண்டியது 424இல் நின்றது. கிட்டத்தட்ட அரைக்கட்டை. அதாவது டி மேஜரில் (நம் ரெண்டு கட்டைச் சுருதியில்) எழுதப்பட்ட ஹாண்டலின் ஹாலேலூயா கோரஸை நாங்கள் இத்தனை வருஷமும் ஏறக்குறைய ஒன்றரைக் கட்டையில் பாடியிருக்கிறோம். எங்கள் சொப்ரானோக்கள் (உச்சக்குரல் பாடும் பெண்கள்), ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக மேலே ஏறும் அந்த இடத்தை ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்ளாமல் பாடினார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. கொயர் மாஸ்டர் விட்டுக்கொடுக்கவில்லை. ஹாண்டலுடையது என்று சொல்லப்படும் 1751ஆம் ஆண்டு இசைக்கவையில் ஏ சுரம் 422.5தான், ஆகவே நாங்கள்தான் அசல் சுருதியில் பாடினோம் என்று வாதாடினார். விஷயம் என்னவோ உண்மைதான். ட்யூனர் “சரிங்க சார், அப்ப நான் கிளம்பட்டுங்களா?” என்றார்.

இவரிடம் எனக்குப் பிடித்தது, ஒரே நாளில் 440க்கு ஏற்ற மாட்டேன் என்று முதலிலேயே சொன்னது. ஒரு பியானோவில் சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு பதினைந்து இருபது டன் வரும். ஒரு பக்கம் முறுக்கினால் பலகையும் சட்டமும் அமுங்கிக்கொடுத்து, முன்னால் முறுக்கியது இறங்கிவிடும். துருப்பிடித்த பழைய கம்பியென்றால் அறுந்தே போகும். அதனால் முதல் தடவை 435, ஒரு மாதம் கழித்து 440 என்றார். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவர் மாலை ஐந்தரைக்குத்தான் எழுந்தார். நடுப்பகுதியில் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பி. இரண்டை ஃபெல்ட் வைத்து அடைத்து ஒன்றைச் சரிசெய்வார், அப்புறம் அடுத்ததைத் திறந்து இரண்டும் சேர்ந்து ‘வௌ வௌ’ என்று அலையடிப்பது நிற்கும்வரை திருகுவார். எல்லாம் காதால்தான், செல்போன் ஆப் எதுவும் இல்லை. கீழே பேஸ் பக்கம் ஒரு கம்பி அறுந்தபோது வந்த சத்தத்தில் வாட்ச்மேன் ஓடிவந்தார். அறுந்தால் கம்பிக்குத் தனிக் காசு என்று முன்பே சொல்லியிருந்ததால் சண்டையில்லை. உள்ளே ஃபெல்ட்டைப் பூச்சி அரித்திருந்தது. இரண்டு பென்சில், ஹேர்பின், எலி சேர்த்துவைத்த காகிதத் துணுக்குகள் எல்லாம் வெளியே வந்தன.

ட்யூனிங் 6,500, கம்பி 900, மலை ஏறிவந்ததற்கு 1,800. அந்த 1,800 போனில் பேசும்போது வரவேயில்லை, பில்லில்தான் வந்தது. கேட்டால், “மலைக்குன்னா அப்படித்தானுங்க” என்றார்.

இன்னும் பெரிய குறை தேதி. நவம்பர் முதல் வாரம் என்று சொல்லி இரண்டு தடவை தள்ளிப்போட்டார். ஒரு தடவை பர்லியார் பக்கம் மண் சரிந்திருந்தது, அதை மன்னிக்கலாம். இன்னொரு தடவைக்குக் காரணமே சொல்லவில்லை. டிசம்பர் 20க்குள் வருவதாகச் சொன்ன இரண்டாம் தடவைக்குப் பொங்கல் கழித்துத்தான் வந்தார். ஆக, கேரல் சர்வீஸில் மேல் ஆக்டேவ் புளித்த மோர் மாதிரி ஒலித்தது. இதில் கீபோர்டு பையன் பழைய ட்யூனிங்கை மாற்ற மறந்து முதல் பாட்டை ஆரம்பிக்க, ஆயர் தலையைக் குனிந்துகொண்டதை ஜெபம் என்றே பலர் நினைத்தார்கள். (இது ட்யூனர் கணக்கில் சேராது.)

அவர் சொன்ன ஒரு யோசனை மட்டுமே கொடுத்த காசுக்குத் தகும். இங்கே மழைக்காலத்தில் பனியும் ஈரமும் சேர்ந்து பலகை ஊதும், விரலால் அமுக்கும் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், கம்பி துருப்பிடிக்கும். பியானோவை வெளிச்சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்து, கீழ்ப்பலகைக்குள் மரத்திலும் ஃபெல்ட்டிலும் படாதபடி ஒரு 40 வாட் பல்பைத் தொங்கவிடச் சொன்னார். எல்இடி உதவாது, சூடு வராது, பழைய இழை பல்புதான் வேண்டும். மார்க்கெட்டில் நாலு கடை ஏறி ஒன்று வாங்கினோம். இப்போது ஒட்டிக்கொள்ளும் கட்டை ஒன்றுகூட இல்லை. ட்யூனரைக் கூப்பிடுவதென்றால் குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு ஜனவரி, பிப்ரவரியில் கூப்பிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால்தான் வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே அட்வான்ஸ் கொடுத்து நச்சரியுங்கள். வழிச்செலவு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

435க்கு ஏற்றின மறுநாள் ப்ராக்டிஸில் ஒரு சொப்ரானோ அக்கா தொண்டையைப் பிடித்துக்கொண்டு, பியானோவைக் கெடுத்துவிட்டார்கள் என்றே சொல்லிவிட்டார். ஹாலேலூயா, ஹாண்டலின் மெசையா என்ற பெரிய இசைப்படைப்பில் வருவது பாடுகளையும் உயிர்த்தெழுதலையும் பற்றிய இரண்டாம் பாகத்தின் கடைசியில் என்பதால், இந்த வருஷம் அதை ஈஸ்டருக்கு வைத்திருக்கிறோம். பியானோ இப்போது 440. மாஸ்டர் அதை அந்த அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.